குட்டை நாக்கும் திறந்த பூவும்

டிரைக்கோகிரம்மா என்ற குளவி பிறந்ததும் தன் வாயால் செய்யும் முதல் வேலை, தான் வளர்ந்த அறையின் சுவரைக் கடித்துத் துளைப்பது. அரை மில்லிமீட்டர் அளவுள்ள இந்தக் குளவி ஓர் அந்துப்பூச்சியின் முட்டைக்குள் முட்டையாக வைக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் கருவைத் தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, கடைசியில் முட்டைத் தோலில் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. கரும்புத் தோட்டத்தில், இந்தக் குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய டிரைக்கோகிரம்மா அட்டையைக் கட்டியவர்கள் கருத்துப்போன முட்டைகளில் இந்தத் துளைகளைப் பார்த்திருப்பார்கள்.

வேறொரு கூட்டம் இன்னும் விசித்திரமானது. பிராக்கோனிடே குடும்பத்தில் அலிசீனே என்ற பிரிவைச் சேர்ந்த குளவிகள் ஈக்களின் புழுக்களில் வளர்பவை. ஈயின் கூட்டுப்புழு கெட்டியான உறைக்குள் இருப்பதால், வளர்ந்து முடித்த குளவி அந்த உறையை உள்ளிருந்து உடைத்தாக வேண்டும். அதற்கேற்ப இவற்றின் தாடைகள் வெளிப்புறமாக வளைந்திருக்கின்றன. இரண்டு தாடைகளின் நுனிகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. கடிக்கத் தெரியாத தாடைகள் இவை. விரித்து நெம்ப மட்டுமே தெரியும்.

பூவில் உட்கார்ந்திருக்கும் குளவியைப் பார்த்து, இது எந்தப் பூவுக்கென்று அமைந்த வாய் என்று கேட்கத் தோன்றினால் மேற்சொன்ன இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த வாய் பூவுக்காக உருவானதில்லை. ஒட்டுண்ணிக் குளவிகளின் மூதாதைகள் ஜுராசிக் காலத்திலேயே இருந்தன. பூக்கும் தாவரங்களின் தெளிவான தடயங்கள் கிடைப்பதோ அதற்குப் பிந்திய கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்திலிருந்துதான். பூ உலகுக்கு வந்தபோது குளவிக்கு ஏற்கனவே ஒரு வாய் இருந்தது, அதற்கு வேறு வேலைகளும் இருந்தன. பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பழைய கருவியை வைத்துக்கொண்டு செய்த சமாளிப்பு என்பதே என் எண்ணம். தேனீக்களைப் பற்றிய நூல்களில் படித்த பூ–நாக்குப் பொருத்தத்தை இங்கே எதிர்பார்த்து வருபவருக்கு இது சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்.

ஒட்டுண்ணிக் குளவி என்று இங்கே சொல்வது எதை? கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள். சுவரில் மண்கூடு கட்டி அதில் புழுவை அடைத்து வைக்கும் குளவியைப் பார்த்து எழுந்த பழமொழி. அதில் பாதி உண்மை உண்டு. புழு குளவியாவதில்லை, புழு இருந்த இடத்திலிருந்து குளவி வருகிறது. ஒட்டுண்ணிக் குளவிகள் பெரும்பாலும் கூடு கட்டும் தொல்லையும் படுவதில்லை. புழு, முட்டை, கூட்டுப்புழு என்று கிடைக்கும் பூச்சியின் உடலின் மேலோ உள்ளேயோ முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு அந்த உடலைத் தின்று வளரும், கடைசியில் அதைக் கொன்றுவிடும். இக்நியூமோனிடே, பிராக்கோனிடே, கால்சிடுகள் என்று பிரியும் இந்தக் கூட்டத்தில் கண்ணுக்கு எட்டாத அளவிலிருந்து விரல் நீளம் வரை குளவிகள் உண்டு. பலவற்றை ஊர்வழக்கில் யாரும் குளவி என்று அழைப்பதுகூட இல்லை. கொசு, சிற்றீ என்று கடந்துவிடுகிறோம்.

இறைச்சி தின்று வளரும் இந்தப் பிறவிக்குப் பூ எதற்கு? வளர்ந்த குளவியின் தேவை வேறு. பறக்கவும் தேடவும் அதற்குச் சர்க்கரை வேண்டும். சிறிய இனங்கள் பலவற்றை ஆய்வகத்தில் தண்ணீர் மட்டும் கொடுத்து வைத்தால் ஓரிரு நாளில் இறந்துவிடுகின்றன. சர்க்கரைக் கரைசலோ தேனோ கிடைத்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கின்றன. இதற்குப் பின்னால் உடலியல் காரணமும் இருக்கிறது. வளர்ந்த ஒட்டுண்ணிகள் பலவும் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கும் திறனை இழந்துவிட்டவை என்று பெர்டான் விஸ்ஸரும் சக ஆய்வாளர்களும் 2010இல் காட்டினார்கள். குஞ்சாக இருந்தபோது இரையின் உடலிலிருந்து கொழுப்பு தயாராகவே கிடைத்ததால், அதை உற்பத்தி செய்யும் வேலை தேவையற்றுப் போனது என்பது அவர்கள் விளக்கம். சில இனங்களில் சிறிதளவு உற்பத்தி தொடர்கிறது என்று பிந்திய ஆய்வுகள் மறுத்திருக்கின்றன, விவாதம் முடியவில்லை. எப்படியானாலும் கையிருப்பு சிறியது, செலவு தினசரி. முட்டையிட இரை தேட வேண்டிய நேரத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரை தேடுவதற்கு ஒதுக்கியே ஆக வேண்டும்.

இது வயலில் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தும் என்பதை கனடாவின் லீயஸ் 1967இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஒன்டாரியோவின் ஆப்பிள் தோட்டங்களில், மரங்களுக்கு அடியில் காட்டுப்பூக்கள் நிறைந்திருந்த இடங்களையும் அவை அரிதாக இருந்த இடங்களையும் அவர் ஒப்பிட்டார். பூக்கள் நிறைந்த தோட்டங்களில் கூடாரப் புழுவின் கூட்டுப்புழுக்கள் ஒட்டுண்ணிக்கு இரையானது 18 மடங்கு அதிகம். அதன் முட்டைகளில் 4 மடங்கு, ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சியின் புழுக்களில் 5 மடங்கு. இந்த எண்களைப் பார்த்ததும் எந்தப் பூவானாலும் நட்டுவிடலாம் என்ற முடிவுக்கு ஓடுவது எளிது. பலர் ஓடவும் செய்தார்கள். அங்கேதான் வாயின் அமைப்பு குறுக்கே வந்து நிற்கிறது.

சாதாரணமான ஓர் ஒட்டுண்ணிக் குளவியின் வாயைப் பெரிதாக்கிப் பார்த்தால் முன்னால் தெரிவது இரண்டு தாடைகள். அவற்றுக்குப் பின்னால் துணைத்தாடைகளும் கீழுதடும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே உறுப்பாக முன்னும் பின்னும் அசைகின்றன. அதன் முனையில் அகலமான, குட்டையான, மயிர் அடர்ந்த ஒரு மடல் இருக்கிறது. அதுதான் நாக்கு. திரவம் மயிர்களுக்கிடையே ஒட்டிக்கொள்கிறது. குளவி நாக்கை உள்ளே இழுக்கிறது, தலைக்குள் இருக்கும் தசையாலான ஒரு பம்பு அதை உறிஞ்சி உணவுக்குழாய்க்கு அனுப்புகிறது. வாய்க்கு அடியில் ஒரு சிறு பையும் உண்டு. திரவத்தோடு வரும் மகரந்தத் துகளும் மண்ணும் அதில் தங்கி உருண்டையாகித் துப்பப்படுகின்றன. இடை அவ்வளவு ஒடுங்கியிருக்கும் உடலுக்குத் திரவ உணவுதான் வசதி.

நக்குவதற்கான வாய் இது. நக்க வேண்டுமானால் திரவம் மேற்பரப்பில் பரவியிருக்க வேண்டும். இலைகளில் மாவுப்பூச்சியும் அசுவினியும் சிந்திய இனிப்புக் கசிவு அப்படிப்பட்டது. பூக்கள் வருவதற்கு முன்பே குளவிகள் இப்படியான கசிவுகளில் பிழைத்திருக்கும் என்று நினைக்க நல்ல இடமிருக்கிறது. பூக்களில் இதற்கு மிக நெருங்கியது கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை, ஓமம், கேரட் இவை சேர்ந்த குடும்பம். இவற்றின் பூ குடை வடிவக் கொத்தாக விரியும். ஒவ்வொரு சிறு பூவிலும் சூற்பையின் தலைப்பில் ஒரு மெத்தை போன்ற தட்டு உண்டு. தேன் அந்தத் தட்டின் மேல் வெட்டவெளியில் படலமாகக் கிடக்கும். குழாய் இல்லை, மூடி இல்லை, ஆழமும் இல்லை. தலையைக் குனிந்தால் போதும்.

பூச்சிகளின் நாக்கையும் பூக்களின் ஆழத்தையும் அளந்து வைத்துப் பார்க்கும் பழக்கத்தை முறையான ஆய்வாக்கியவர் ஜெர்மனியில் லிப்ஸ்டாட் ஊரின் பள்ளி ஆசிரியர் ஹெர்மன் முல்லர். 1873இல் வந்த அவருடைய நூலில் தொடங்கிய பணி, பூக்களைத் தேன் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை வைத்து வரிசைப்படுத்துவதில் போய் முடிந்தது. அந்த வரிசையில் குட்டை நாக்குக் குளவிகள் எங்கே உட்காரும் என்பது அன்றே தெரிந்திருந்தது. இருந்தும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பூக்களோடு சேர்த்து யாரும் நீண்ட காலம் கவனித்துப் பார்க்கவில்லை. பிரிட்டனில் மார்க் ஜெர்விஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993இல் 200க்கும் மேற்பட்ட இனங்கள் எந்தெந்தப் பூவில் காணப்பட்டன என்று பதிவு செய்தார்கள். குடைக்கொத்துப் பூக்களுக்குத்தான் கூட்டம் அதிகம். அவர்கள் இன்னொன்றையும் வற்புறுத்தினார்கள். பூவில் குளவி உட்கார்ந்திருக்கிறது என்பதால் அது தேன் குடிக்கிறது என்று அர்த்தமில்லை. மகரந்தம் தின்ன வந்திருக்கலாம், பூவில் ஒளிந்திருக்கும் புழுவைத் தேடி வந்திருக்கலாம், இணை தேடியும் வந்திருக்கலாம். வயலில் பூவை எண்ணிக் குளவியை எண்ணி இரண்டையும் பெருக்கிக் காட்டும் அறிக்கைகள் இதை அடிக்கடி மறந்துவிடுகின்றன.

வாய் பூவுக்கேற்ப மாறாமல் பூ வாய்க்கேற்ப மாறியதற்கு ஓர் அழகான சான்று ஐரோப்பாவின் காடுகளிலும் புல்வெளிகளிலும் வளரும் லிஸ்டெரா ஓவாட்டா என்ற ஆர்க்கிட். எதிரெதிராக இரண்டு அகன்ற இலைகள், நடுவே ஒரு தண்டு, அதில் பச்சை நிறத்தில் கண்ணைக் கவராத சிறு பூக்கள். ஆர்க்கிட் என்றதும் மனதில் எழும் பகட்டு எதுவும் இதற்கு இல்லை. கீழே தொங்கும் இதழின் நடுவில் ஒரு பள்ளக் கோடு ஓடுகிறது, தேன் அந்தக் கோட்டில் கசிந்து நிற்கிறது. இக்நியூமோனிடே குளவிகள் இதழின் கீழ்நுனியில் வந்து உட்கார்ந்து, கோட்டை நக்கிக்கொண்டே மேலே ஏறுகின்றன. கிறிஸ்டியான் கோன்ராட் ஷ்ப்ரெங்கல் 1793இல் வெளியிட்ட நூலிலேயே இந்த வருகை பதிவாகியிருக்கிறது.

கோடு முடியும் இடத்தில் பூவின் நடுத்தூண் இருக்கிறது. அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மடலைக் குளவியின் தலை தொட்ட கணமே அது வெடித்து ஒரு துளிப் பசையைப் பீய்ச்சுகிறது. பசை சில விநாடிகளில் இறுகிவிடும். அதோடு பூவின் மகரந்தக் கட்டியும் குளவியின் நெற்றியில் ஒட்டிவிடும். இந்த மடலின் இயக்கத்தை ஜோசப் ஹூக்கர் 1854இல் விவரித்தார். டார்வின் 1862இல் வந்த ஆர்க்கிட் நூலில் அதை மேலும் ஆராய்ந்தார். மிக மெல்லிய மனித முடி பட்டாலே வெடிக்கும் அளவுக்கு அது கூர்மையானது என்று கண்டார். அதிர்ந்துபோன குளவி பறந்து வேறொரு செடிக்குப் போகும். அங்கே மறுபடி நக்கிக்கொண்டே மேலேறும்போது நெற்றியிலுள்ள மகரந்தம் சூலகமுடியில் படும்.

இந்த ஏற்பாட்டில் நீண்ட நாக்குக்கு இடமே இல்லை. நாக்கு நீளமாக இருந்தால் குளவி தொலைவிலிருந்தே தேனை எடுத்துக்கொண்டு போய்விடும், தலை மடலைத் தொடாது. குட்டை நாக்கு தலையைத் தேனுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கிறது. ஒழுகும் தேன் ஒரு கோடாக நீண்டிருப்பதால் அந்தத் தலை எந்த வழியில் எங்கே போய்ச் சேரும் என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. குளவியின் குறையைப் பூ தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. லிஸ்டெராவுக்கு வண்டுகளும் வருகின்றன, குளவி மட்டுமே அதன் விருந்தாளி என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது அது குட்டை நாக்கின் அளவை வைத்து வரைந்த கோடாகவே தெரிகிறது.

ஒட்டுண்ணிக் குளவியைப் பயன்படுத்தும் வேறு ஆர்க்கிடுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிரிப்டோஸ்டைலிஸ் பூக்களைப் பெண் குளவி என்று மயங்கி லிஸ்ஸோபிம்ப்லா ஆண் குளவிகள் புணர முயல்வதை எடித் கோல்மன் 1927இல் எழுதினார். அந்தக் கதையில் வாய்க்குப் பங்கில்லை என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

எல்லாக் குளவிகளும் குட்டை நாக்கோடு திருப்தியடைந்துவிடவில்லை. குழாய் போன்ற பூவின் அடியில் மறைந்திருக்கும் தேனை எடுக்க ஏதுவாக நீண்ட வாய் உறுப்புகள் ஒட்டுண்ணிக் குளவிகளிலும் தோன்றியிருக்கின்றன. 1998இல் ஜெர்விஸ் இந்தக் கூட்டத்தின் வாய்களைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து வெளியிட்ட நீண்ட கட்டுரை இதற்கு அடிப்படை. அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இப்படி நீண்ட வாய் கொண்டவை மொத்தத்தில் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மையும் ஒரே வம்சமாக இல்லாமல் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக முளைத்திருக்கிறது. ஒரு கிளையில் நாக்கு நீண்டிருக்கும், இன்னொன்றில் துணைத்தாடையின் மடல்கள் நீண்டிருக்கும், வேறொன்றில் இரண்டும் சேர்ந்து நீண்டிருக்கும். தேவை ஒன்று, ஒவ்வொரு கிளையும் கையில் இருந்த உறுப்பை இழுத்து நீட்டிக்கொண்டது.

பிராக்கோனிடேயின் அகாதிடீனே பிரிவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இவை அந்துப்பூச்சிப் புழுக்களில் வளர்பவை. அகாதிஸ், கிரெம்னாப்ஸ் போன்ற பேரினங்களில் கண்ணுக்கும் தாடைக்கும் இடைப்பட்ட கன்னப் பகுதி கீழ்நோக்கி நீண்டு முகமே ஒரு மூக்காகிவிட்டது. வாய் உறுப்புகளும் அதோடு நீண்டு கீழே தொங்குகின்றன. சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்களைப் போலச் சிறு குழல்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் இந்த முகம் உதவும். இன்னும் தூரம் போனது பார்னோப்ஸ். பச்சையும் செம்பொன்னுமாக மின்னும் கிரிசிடிடே குடும்பத்தைச் சேர்ந்தது இது. மணலில் வளை தோண்டும் பெம்பிக்ஸ் குளவிகளின் குஞ்சுகளில் வளர்கிறது. அதன் நாக்கு நீளமானது, ஓய்வில் உடலின் அடிப்பக்கமாகப் பின்னோக்கி மடித்து வைத்துக்கொள்ளும். தேனீயின் நாக்கோடு ஒப்பிடத்தக்க குளவி நாக்கு என்றால் இதைச் சொல்லலாம்.

அப்படியானால் மற்றவை ஏன் நீட்டிக்கொள்ளவில்லை? இதற்கு ஒரே பதில் கிடையாது என்றே நினைக்கிறேன். உறையைக் கடித்து வெளியே வரவும் உடலைத் துடைக்கவும் வேண்டிய வாயில் நீண்ட மென்மையான பாகம் ஒரு சுமை. இரையின் உடல்நீரைக் குடிப்பதும் பல பெண் குளவிகளின் வழக்கம். முட்டை உருவாகத் தேவையான புரதம் அதிலிருந்துதான் வருகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விதைக்குள்ளோ தண்டுக்குள்ளோ ஆழத்தில் இருக்கும் புழுவின் சாற்றைக் குட்டை வாயால் எப்படிக் குடிப்பது? டெரோமாலிடே குடும்பத்தின் சில குளவிகளும் பிராக்கோனிடேயில் சிலவும் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கின்றன. முட்டையிடும் ஊசியைப் புழுவின் உடல் வரை செலுத்தி, அதைச் சுற்றி ஒரு திரவத்தைச் சுரந்து இறுகவிடுகின்றன. பிறகு ஊசியை மெல்ல உருவிக்கொள்கின்றன. அங்கே ஒரு நுண்குழல் நிற்கிறது. புழுவின் சாறு அதில் தானாக மேலேறி வருகிறது, குளவி திரும்பி வந்து குழலின் வாயில் தன் வாயை வைத்துக் குடிக்கிறது. உடலில் வளராத நாக்கை உடலுக்கு வெளியே கட்டிக்கொண்டதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பூவுக்கு இந்த உபாயத்தைப் பயன்படுத்தும் குளவி மட்டும் கிடையாது.

பூவில் வேறொரு வழி உண்டு. நாக்கு நீளமாக இல்லாவிட்டால் உடல் சிறிதாக இருந்தால் போதும். அரை மில்லிமீட்டர் குளவிக்கு மூன்று மில்லிமீட்டர் அகலக் குழாய்ப்பூ ஒரு தடையே இல்லை, நேராக நடந்து உள்ளே போய்விடலாம். ஆகவே தேன் கிடைக்குமா என்ற கேள்வி நாக்கின் நீளத்தோடு தலையின் அகலத்தையும் அல்லிவட்டத்தின் வாயகலத்தையும் சேர்த்து அளந்தால்தான் தீரும். ஐந்து மில்லிமீட்டர் குளவி எட்டாமல் திரும்பும் பூவில் ஒரு மில்லிமீட்டர் குளவி வயிறு நிரம்பக் குடிக்கும். சிறிய உடலும் இல்லாமல் நீண்ட நாக்கும் இல்லாமல் இடைப்பட்டவைதான் பாவம்: உள்ளே நுழைய உடல் பெரிது, வெளியிலிருந்து எடுக்க நாக்கு சிறிது.

இதை அளந்து பார்த்தவர்களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜோசப் பாட் குழுவினர் முக்கியமானவர்கள். 1997இல் வந்த அவர்களுடைய ஆய்வில் இரண்டு குளவிகள். ஒன்று எடோவம் புட்லெரி, கொலம்பியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு நியூ ஜெர்சியின் கத்தரி வயல்களில் கொலராடோ வண்டின் முட்டைகளுக்கு எதிராக விடப்பட்டது. மற்றது பீடியோபியஸ் ஃபோவியோலாட்டஸ். இது நம் கத்தரிச் செடியை அரிக்கும் எபிலாக்னா வண்டின் புழுக்களில் வளரும் குளவி. 1966இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே அவரைச் செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது. பாட் குழுவினர் குளவிகளின் தலையளவையும் பல்வேறு பூக்களின் அமைப்பையும் எடுத்து, எந்தப் பூவில் எந்தக் குளவியால் தேன்சுரப்பியை எட்ட முடியும் என்று முதலில் கணித்தார்கள். பிறகு குளவிகளைப் பூக்களில் விட்டுப் பார்த்தார்கள். சதகுப்பை போலத் தேன் வெளிப்படையாக இருந்த பூக்களில் வேலை நன்றாக நடந்தது. மகரந்தத் தாள்களும் இதழ்களும் வழிமறித்த பூக்களில் அளவோடு நடத்தையும் சேர்ந்து முடிவைத் தீர்மானித்தது. எட்டும் தூரத்தில் தேன் இருந்தும் எந்தப் பக்கம் தலையை விடுவது என்று தெரியாமல் திரும்பிப் போகும் குளவியை அளவுகோலால் மட்டும் விளக்க முடியாது.

மிச்சிகனில் இத்ரிஸ், கிராஃபியஸ் இருவரும் 1995இல் கண்டதும் இதே திசையில்தான். முட்டைக்கோஸின் வைரமுதுகு அந்துப்பூச்சியில் வளரும் டயடெக்மா இன்சுலாரே குளவி காட்டுப்பூக்களில் எவ்வளவு நாள் வாழ்ந்தது, எத்தனை முட்டையிட்டது என்பவை பூவின் வாயகலத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கின.

ஈர்ப்பது வேறு, ஊட்டுவது வேறு. ஃபெலிக்ஸ் வேக்கர்ஸ் 2004இல் மூன்று வகைக் குளவிகளுக்கு 11 செடிகளின் பூக்களைக் கொடுத்து இரண்டையும் தனித்தனியே சோதித்தார். மணத்தால் இழுத்து வெறுங்கையோடு அனுப்பும் பூக்கள் இருந்தன. தேன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் குளவியை ஈர்க்காத பூக்களும் இருந்தன. ஆரிகானோ போன்ற சிலவற்றில்தான் இரண்டும் கூடிவந்தன. ஆஸ்திரேலியாவில் டிரைக்கோகிரம்மா கார்வரே என்ற குளவியோடு செய்த சோதனை இன்னும் நுட்பமானது. அலிசம் செடியின் வெள்ளைப் பூக்கள் அதை நீண்ட நாள் வாழவைத்தன. அதே செடியின் இளஞ்சிவப்பு, ஊதாப் பூக்களால் அந்தப் பயன் இல்லை. பூவின் வடிவம் மாறாதபோதும் குளவியின் கண் வேறு முடிவு எடுத்துவிட்டது.

காற்றும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. வெட்டவெளியில் படலமாக இருக்கும் தேனிலிருந்து வெயிலில் நீர் ஆவியாகிவிடும். காலையில் நீர்த்திருந்த அதே தேன் வறண்ட நண்பகலில் பாகாகிவிடும். நக்கும் வாய்க்குப் பாகு கடினம். ஈரப்பதம் குறைந்தபோது சில பூக்களின் தேனைக் குளவிகளால் எடுக்க முடியாமல் போவதை நெதர்லாந்தில் வின்க்லர் குழுவினர் 2009இல் காட்டினார்கள். திறந்த பூ குட்டை நாக்குக்கு வழிவிடுகிறது, அந்தத் திறப்பே தேனை உலர்த்தியும் விடுகிறது. ஆழமான குழாயில் தேன் நீர்த்தே இருக்கும், எட்டாது. ஐரோப்பியத் தட்பவெப்பத்தில் தேர்ந்தெடுத்த பூப்பட்டியலைப் புழுதிக் காற்றடிக்கும் மாவட்டத்துக்கு அப்படியே கொண்டுவருவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இது.

இன்னொரு சிக்கல் அந்துப்பூச்சியின் வாய். சுருளாக மடித்து வைத்த நீண்ட உறிஞ்சுகுழல் அது. குட்டை நாக்குக்குத் திறந்த தேன் அதற்கும் திறந்ததே. குளவிக்காக நட்ட பூ புழுவின் தாய்க்கும் விருந்து வைக்கும். ஆஸ்திரேலியாவில் பேகன், கர், மீட்ஸ் மூவரும் 1999இல் உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியையும் அதன் ஒட்டுண்ணி கோப்பிடோசோமா கோஹ்லெரியையும் வைத்து இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றார்கள். கோப்பிடோசோமா மிகச் சிறியது. அது இடும் ஒரே முட்டை பிரிந்து பிரிந்து பல குளவிகளாகும் விந்தையும் அதற்கு உண்டு. பல பூக்களைச் சோதித்ததில் ஃபசீலியா, நாஸ்டர்டியம் இரண்டும் குளவியை ஊட்டின, அந்துப்பூச்சிக்குப் பயன்படவில்லை. இங்கே நீண்ட நாக்கு தோற்றுக் குட்டை நாக்கு வென்றிருக்கிறது. முல்லரின் ஆழ வரிசையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இந்த முடிவு யாருக்கும் தோன்றியிருக்காது.

நெல் வயலில் இந்த அறிவு பெரிய அளவில் பயன்பட்டது தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில். வரப்புகளில் தேன் தரும் செடிகளை வளர்த்த வயல்களை வழக்கமான வயல்களோடு ஒப்பிட்டு கர் தலைமையிலான குழு 2016இல் முடிவுகளை வெளியிட்டது. பூச்சிமருந்து தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது, வருமானத்தில் 7.5 சதவீத நன்மை. சீனாவில் தேர்ந்தெடுத்த செடிகளில் ஒன்று எள். எள்ளுப்பூ நீண்ட குழாய், குட்டை நாக்குக்கு ஒவ்வாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே வேண்டிய குளவி அனாக்ரஸ். தத்துப்பூச்சியின், நம்மூரில் புகையான் என்கிறோமே அதன், முட்டைக்குள் வளரும் குளவி அது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உடலுக்கு எள்ளுப்பூவின் குழாய் ஒரு கூடம். போதாததற்கு எள்ளுச் செடியில் பூக்காம்பின் அடியில் மஞ்சள் நிறச் சுரப்பிகளும் உண்டு. பூவாக வளராமல் சுரப்பியாகவே நின்றுவிட்ட மொட்டுகள் அவை, தேன் வெளியிலேயே கசியும்.

தமிழ்நாட்டில் நெல் வரப்பில் தட்டைப்பயறு விதைக்கச் சொல்லும் பரிந்துரையையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பயற்றின் பூ வண்ணத்துப்பூச்சி வடிவப் பூ. கீழிதழ்கள் தேனைப் பூட்டி வைத்திருக்கும், தேனீ அமுக்கித் திறந்தால்தான் கிடைக்கும். ஒட்டுண்ணிக் குளவிக்கு அந்தப் பூவால் பயன் குறைவு. அதே செடியில் பூக்காம்பிலும் இலையடியிலும் இருக்கும் திறந்த சுரப்பிகள்தான் எறும்புக்கும் குளவிக்கும் சோறு போடுகின்றன. அவற்றுக்கு இதழ் இல்லை, குழாய் இல்லை, பூக்கும் பருவத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குட்டை நாக்கின் பார்வையில் செடியின் சிறந்த பூ, பூவே இல்லாத அந்த மேடுதான்.

பருத்தியிலும் இலையின் அடிப்பக்கத்தில் நடுநரம்பின் மேல் இத்தகைய சுரப்பி இருக்கிறது. ஹவாய்த் தீவுகளின் காட்டுப் பருத்தி இனமான காசிபியம் டோமென்டோசத்தில் அது இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கப் பயிர்ப் பெருக்காளர்கள் அந்தக் குணத்தைச் சாகுபடிப் பருத்திக்குள் கொண்டுவந்து சுரப்பியற்ற ரகங்களை உருவாக்கினார்கள். செடியில் தேன் கிடைக்காவிட்டால் சாறுறிஞ்சும் லைகஸ் பூச்சியும் அந்துப்பூச்சிகளும் குறையும் என்பது கணக்கு, கணக்கு ஓரளவு பலித்தது. பிறகு வந்த ஆய்வுகள் அதே வயல்களில் இரைகொல்லிகளும் ஒட்டுண்ணிகளும் குறைந்ததைக் கண்டன. காய்ப்புழுவில் வளரும் மைக்ரோபிளிடிஸ் குரோசிபெஸ் குளவியை வைத்து 1997இல் வெளியான சோதனைகளில், பருத்தியின் இலைத்தேன் கிடைத்த குளவிகள் சர்க்கரை ஊட்டப்பட்டவற்றுக்கு இணையாகப் புழுக்களைத் தேடிப் பிடித்தன. பட்டினியாக விடப்பட்டவை புழு இருந்த வயலிலிருந்து வெளியேறிப் பறந்தன.